பழைய பெயரையும் பலகையில் எழுதட்டும்

2025 செப்டம்பர் கடைசியில் டெல்லி காவல் துறை ஆக்ராவில் ஒரு சாமியாரைக் கைது செய்தது. டெல்லியில் ஒரு மேலாண்மைக் கல்வி நிறுவனத்தின் பொறுப்பில் இருந்த சைதன்யானந்த சரஸ்வதி மீது, அங்கு படித்த மாணவிகள் பலர் பாலியல் தொல்லைப் புகார் கொடுத்திருந்தார்கள். இரு வேறு பெயர்களில் இரண்டு கடவுச்சீட்டுகள் அவரிடம் இருந்ததாகக் காவல் துறை தெரிவித்தது. ஒன்றில் அவர் பார்த்தசாரதி. வழக்கு நடக்கிறது, குற்றம் செய்தாரா என்பதை நீதிமன்றம் சொல்லட்டும். ஒரு மனிதர் இரண்டு பெயர்களில் வாழ முடிந்தது எப்படி, அதனால் யாருக்கு என்ன கேடு என்பதுதான் இங்கே நம் கவலை.

ஞானம் பெற்றுவிட்டதாகத் தாமே அறிவித்துக்கொள்கிறவர்கள் ஏறக்குறைய எல்லோரும் முதலில் மாற்றுவது பெயரைத்தான். உடை, இருப்பிடம், பேச்சு எல்லாம் அதற்குப் பிறகு வருகின்றன. பெயர் மாற்றுவது நம் மரபில் புதிதில்லை, குற்றமும் இல்லை. ஆனால், பழைய பெயரை மறைப்பதற்காகவே புதிய பெயர் சூட்டப்படும்போது, பணம் கொடுக்கிறவரும் பிள்ளையை அனுப்புகிறவரும் யாரிடம் கொடுக்கிறோம், யாரிடம் அனுப்புகிறோம் என்று தெரியாமலேயே செய்கிறார்கள்.

ஒலக்கூருக்கு ஏன் இந்தக் கவலை?

சென்னை – விழுப்புரம் இருப்புப்பாதையில் ஒலக்கூர் ஒரு சிறிய நிலையம். வடக்கே மேல்மருவத்தூர். திண்டிவனம், செஞ்சி தாண்டினால் திருவண்ணாமலை. அந்தப் பக்கம் ஆரோவில்லும் புதுச்சேரி அரவிந்தர் ஆசிரமமும். மாலை போட்டுச் சிவப்பு உடுத்தியவர்களின் வண்டிகளும், பௌர்ணமிக்குக் கிரிவலம் போகிறவர்களின் பேருந்துகளும் இந்த வட்டாரத்துச் சாலைகளில் ஓயாது ஓடுகின்றன. மல்லாட்டை பிடுங்கிய காசில் ஒரு பங்கை அண்ணாமலையாருக்கு எடுத்துவைக்கும் வீடுகள் இங்கே நிறைய.

இந்தப் பக்தியை நம்பித்தான் புதியவர்களும் வருகிறார்கள். ஏரிக்கரை ஓரமாக இரண்டு ஏக்கர் வாங்கி, தகரக் கொட்டகை போட்டு, நீளமான பெயரோடு ஒரு பலகை நடுகிறார்கள். அடுத்த வருடம் தியான மண்டபம். அதற்கடுத்த வருடம் கோசாலை, அன்னதானக் கூடம், பிள்ளைகளுக்கு விடுதி. ‘சாமி எந்த ஊருங்க?’ என்று பெரியவர் ஒருவர் கேட்டால், ‘பூர்வாசிரமத்தைப் பற்றிப் பேசக் கூடாது’ என்று உடனிருப்பவர் பதில் சொல்வார். கேட்டவர்தான் கூசிப்போய்த் திரும்புவார்.

கேட்காமல் விட்டதன் விலையை விழுப்புரம் மாவட்டம் பார்த்திருக்கிறது. 2023 பிப்ரவரியில் குண்டலப்புலியூரில் அன்பு ஜோதி ஆசிரமம் என்ற காப்பகத்துக்குள் அதிகாரிகள் நுழைந்தபோது, மனநலம் குன்றியோரும் ஆதரவற்றோருமாக நூற்று நாற்பதுக்கும் மேற்பட்டவர்களை மீட்க வேண்டியிருந்தது. உரிய அனுமதி இல்லாமல் அது ஆண்டுக்கணக்கில் நடந்திருந்தது. காணாமல்போன ஒருவரைத் தேடி உறவினர் உயர் நீதிமன்றம் போனதால்தான் விஷயம் வெளியே வந்தது. அதை நடத்தியவர் ஞானி என்று சொல்லிக்கொண்டவர் இல்லை. என்றாலும் ‘ஆசிரமம்’ என்று பலகையில் இருந்தாலே உரிமம் கேட்கத் தயங்குகிறோம் என்பதை அந்தச் சம்பவம் காட்டியது.

திண்டிவனத்தில் படித்த பையன்

பெயர் மாற்றம் முறையாக எப்படி நடந்தது என்பதற்கும் நம் மாவட்டத்திலேயே சான்று உண்டு. 1894 மே 20 அன்று விழுப்புரத்தில் பிறந்த சுவாமிநாதன், திண்டிவனம் அமெரிக்கன் ஆற்காடு மிஷன் பள்ளியில் படித்தவர். அப்பா கல்வித் துறையில் வேலை பார்த்தார். 1907 பிப்ரவரியில், பதிமூன்றாவது வயதில், கலவையில் துறவு பெற்றுச் சந்திரசேகரேந்திர சரஸ்வதி ஆனார்; காஞ்சி மடத்தின் பீடாதிபதியானார்.

அந்தப் பெயரை அவர் தேர்ந்தெடுக்கவில்லை. மடம் கொடுத்தது. ‘சரஸ்வதி’ என்பது சங்கரர் வழித் துறவிகளுக்குரிய பத்துப் பட்டங்களில் ஒன்று. கிரி, புரி, பாரதி, தீர்த்தர் போல. அந்தப் பட்டத்தைக் கேட்டதும் இவர் எந்த வழியில் வந்தவர், யாரிடம் போய் விசாரிக்கலாம் என்று தெரிந்துவிடும். பையனின் பெயர், ஊர், அப்பா, படித்த பள்ளி எதுவும் ஒளிக்கப்படவில்லை. அவரைப் பற்றிய புத்தகங்கள் எல்லாம் விழுப்புரத்தில் பிறந்த சுவாமிநாதனிடம் இருந்துதான் தொடங்குகின்றன.

இன்னொரு பையனும் திண்டிவனத்துக்கு டிக்கெட் எடுத்தான். 1896 ஆகஸ்ட் 29 அன்று மதுரையில் வெங்கடராமன் ரயிலேறினான். பழைய நிலப்படத்தில் திருவண்ணாமலைக்குப் பக்கத்து ரயில் நிலையம் திண்டிவனம் என்று கண்டதால், அதுவரைக்கும் டிக்கெட். உடன் பயணம் செய்த மௌல்வி ஒருவர்தான், இப்போது விழுப்புரத்திலிருந்து திருவண்ணாமலைக்கே ரயில் போகிறது என்று சொல்லி வழிகாட்டினார். விழுப்புரத்தில் இறங்கி, மாம்பழப்பட்டுவரை ரயிலிலும் பிறகு நடந்துமாகத் திருக்கோவிலூர் பக்கம் போய், செப்டம்பர் 1 அன்று அண்ணாமலையார் சந்நிதியை அடைந்தான்.

திருவண்ணாமலையில் அவர் தமக்கு எந்தப் பெயரையும் வைத்துக்கொள்ளவில்லை. ஊரார் பிராமண சுவாமி என்றார்கள். குருமூர்த்தத்தில் இருந்தபோது தாலுகா அலுவலகக் கணக்கர் ஒருவர், பெயரும் ஊரும் தெரியாமல் சாப்பிட மாட்டேன் என்று பிடிவாதம் பிடித்தார். மௌனத்தில் இருந்த அந்த இளைஞர், வெங்கடராமன், திருச்சுழி என்று எழுதிக் காட்டினார். அதை வைத்துத்தான் அம்மாவும் உறவினரும் அவரைக் கண்டுபிடித்து வந்தார்கள். ‘ரமண மகரிஷி’ என்ற பெயர் 1907-இல் காவ்யகண்ட கணபதி சாஸ்திரி சூட்டியது. பழைய பெயரைக் கேட்டதும் எழுதிக் கொடுத்தார் என்பதை நான் முக்கியமாகக் கருதுகிறேன். துறந்து போனவரைத் தேடி வருவதற்கு ஒரு வழி திறந்தே இருந்தது.

வடலூர் வள்ளலாரைச் சொல்லாமல் இந்தப் பேச்சு முடியாது. 1867-இல் திருவருட்பா அச்சேறும்போது ‘இராமலிங்க சாமி’ என்று தம்மைக் குறிப்பதை அவர் ஏற்கவில்லை. அது ஆரவாரமாகத் தோன்றுகிறது என்று கடிதம் எழுதினார். சிதம்பரம் இராமலிங்கம் என்றே கையெழுத்திட்டார். திருவண்ணாமலையிலேயே வாழ்ந்து 2001-இல் மறைந்த யோகி ராம்சுரத்குமாரும் பெற்றோர் வைத்த பெயரை ஏறக்குறைய அப்படியே வைத்துக்கொண்டு, தம்மைப் பிச்சைக்காரன் என்று சொல்லிக்கொண்டார். பெரிய பெயர் சூட்டிக்கொள்ளாததால் இவர்களின் பெருமை குறைந்துவிடவில்லை.

பெயரோடு சேர்த்துத் துறந்தவை

துறவி ஏன் பெயரை மாற்றினார் என்பதற்குப் பழைய விளக்கம் கனமானது. துறவேற்கிறவர் தமக்குத் தாமே ஈமச் சடங்கு செய்துகொள்கிறார். அதோடு பழைய ஆள் இறந்துபோகிறார். உறவு போகிறது, சாதி போகிறது, சொத்து போகிறது. இந்து சட்டமும் அதை அப்படியே ஏற்றது: உலகைத் துறந்தவருக்குப் பிறந்த குடும்பத்துச் சொத்தில் பங்கு கிடையாது. காவி உடுத்தியதாலோ, துறவி என்று சொல்லிக்கொள்வதாலோ இது நேர்ந்துவிடாது. உடைமைகளை உண்மையில் விட்டதையோ, குடும்ப உறவை அறுக்கும் சடங்குகள் நடந்ததையோ காட்ட வேண்டும் என்று கிருஷ்ண சிங் – மதுரா அகீர் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது.

புதிய பெயருக்கு இப்படி ஒரு விலை இருந்தது. விலை கொடுத்தவரைக் கண்டு மக்கள் கும்பிட்டார்கள்.

இன்று நாம் பார்க்கும் பலரிடம் பெயர் மட்டும் மாறியிருக்கிறது. சொத்து மாறவில்லை. மனைவியும் மகனும் மைத்துனரும் அறங்காவலர்கள். வங்கிக் கணக்கு பழைய பெயரில். பெயரைக் கொடுத்த குரு யார் என்று கேட்டால், இமயமலையில் தோன்றி மறைந்த சித்தர் என்பார்கள். போய் விசாரிக்க ஆள் கிடையாது. மரபு கேட்ட விலையைக் கொடுக்காமல் மரபின் மரியாதையை மட்டும் எடுத்துக்கொள்வதைத்தான் நான் ஏமாற்று என்று சொல்கிறேன்.

பெயரைக் கொடுத்த இடம் ஒன்று இருந்தால், தவறு நடக்கும்போது அந்த இடம் தட்டிக் கேட்க முடியும். டெல்லி விவகாரத்திலேயே, அந்தக் கல்வி நிறுவனம் தங்களோடு இணைந்தது என்பதால், சிருங்கேரி சாரதா பீடம் சைதன்யானந்த சரஸ்வதியுடனான தொடர்பைத் துண்டித்து, புகாரும் கொடுத்தது. தாமதமான நடவடிக்கைதான். தானே பெயர் சூட்டிக்கொண்டவர் விஷயத்தில் அந்தத் தாமத நடவடிக்கைக்குக்கூட வழியில்லை.

பெயர் மாற்றத்தையே சந்தேகிக்கும் ஊர் அல்ல நம்முடையது. 1929 பிப்ரவரியில் செங்கல்பட்டில் கூடிய முதல் சுயமரியாதை மாநாட்டில் சாதிப் பட்டங்களை விடுவதென்று முடிவெடுத்தார்கள். பலர் அதன்பின் பட்டமில்லாமல்தான் பெயர் எழுதினார்கள். ஊரறிய, இன்ன பெயர் இன்ன பெயராகிறது என்று சொல்லிச் செய்த மாற்றம் அது.

தானே சூட்டிக்கொள்ளும் பெயர் செய்யும் வேலை

முதல் வேலை, கடந்த காலத்தை அழிப்பது. இலங்கை மாத்தளையில் பிரேம்குமாராகப் பிறந்தவர், பிரேமானந்தாவாக விராலிமலைப் பக்கத்தில் ஆசிரமம் வைத்தார். ஆதரவற்ற சிறுமிகள் அங்கே வளர்ந்தார்கள். 1994-இல் கைது, 1997-இல் புதுக்கோட்டை நீதிமன்றம் பாலியல் வன்கொடுமை, கொலைக் குற்றங்களுக்காக இரட்டை ஆயுள் தண்டனை விதித்தது. 2005-இல் உச்ச நீதிமன்றம் அதை உறுதிசெய்தது. 2011-இல் தண்டனைக் கைதியாகவே இறந்தார். அந்தச் சிறுமிகளுக்கு வெளியே சொல்லிக்கொள்ள ஆளில்லை. அவரை வணங்க வந்தவர்களோ, ‘ஆனந்தா’ என்று முடியும் பெயருக்குப் பின்னால் இருந்த மனிதரை விசாரிக்கவில்லை.

இரண்டாவது வேலை, ஏற்கெனவே வணங்கப்படும் ஒருவரின் மதிப்பைத் தனக்கு மாற்றிக்கொள்வது. புட்டபர்த்தியில் 1940-இல் சத்யநாராயண ராஜு என்ற பதின்வயதினர், 1918-இல் மறைந்த ஷீரடி சாய் பாபாவின் மறுபிறவி தாம் என்று அறிவித்தார். அவருடைய அறக்கட்டளை மருத்துவமனைகள் கட்டியது. சென்னைக்குக் குடிநீர் வரும் கண்டலேறு கால்வாயைச் சீரமைத்தது. அந்த நன்மைகளை மறுக்கவில்லை. ஆனால், மறைந்தவரின் பெயரை எடுத்துக்கொண்டால் அவருடைய பக்தர்களும் கூடவே வருவார்கள் என்ற பாடத்தைப் பிறகு வந்த பலர் நன்றாகவே படித்துக்கொண்டார்கள்.

விஜயகுமார் என்பவர் கல்கி பகவான் ஆனது இன்னும் ஒரு படி மேலே: திருமாலின் வரப்போகும் அவதாரத்தின் பெயரையே எடுத்துக்கொண்டார். அமைப்பின் பெயரும் காலத்துக்குக் காலம் மாறிவந்தது. 2019 அக்டோபரில் அந்த அமைப்போடு தொடர்புடைய இடங்களில் நடந்த சோதனைக்குப் பிறகு, கணக்கில் காட்டாத வருமானம் ரூ.500 கோடிக்கு மேல் என்று வருமானவரித் துறை அறிவித்தது. ரொக்கமாக மட்டும் ஏறத்தாழ ரூ.44 கோடி பிடிபட்டது.

மூன்றாவது, கெட்டுப்போன பெயரைக் கழற்றிப் போடுவது. சந்திரமோகன் ஜெயின், ஆச்சார்ய ரஜனீஷ் ஆகி, 1971-இல் பகவான் ஸ்ரீ ரஜனீஷ் ஆனார். அமெரிக்காவின் ஓரிகன் மாநிலத்தில் அவர் கட்டிய நகரம் 1985-இல் குற்ற வழக்குகளோடு சரிந்தது, நாட்டைவிட்டு வெளியேற்றப்பட்டார். 1989-இல் ஓஷோ ஆனார். இன்று புத்தகக் கடையில் ஓஷோவை வாங்கும் இளைஞர்கள் பலருக்கு ஓரிகன் தெரியாது.

நம் பக்கத்துத் திருவண்ணாமலையில் ராஜசேகரனாகப் பிறந்த நித்யானந்தாவுக்கும் பெயர் வளர்ந்துகொண்டே போனது. 2010-இல் சர்ச்சை, பாலியல் வன்கொடுமை வழக்கு. 2012 ஏப்ரலில் மதுரை ஆதீனத்தின் இளைய பட்டம், அக்டோபரில் நீக்கம். பிறகு நாட்டைவிட்டே போய், 2019-இல் ‘கைலாசா’ என்று ஒரு நாட்டுப் பெயரையும் அறிவித்தார். தனிமனிதப் பெயர் போதாமல் போனபோது நாட்டின் பெயரே தேவைப்பட்டது. 2023-இல் அமெரிக்காவின் நியூவர்க் நகராட்சி, அப்படி ஒரு நாடு இருப்பதாக நம்பி நட்பு நகர ஒப்பந்தம் போட்டு, பிறகு ரத்துசெய்தது.

நான்காவது வேலையை நான் எல்லாவற்றிலும் ஆபத்தானதாகப் பார்க்கிறேன். புதிய பெயர், கூப்பிடுகிறவரை மாற்றிவிடுகிறது. ஒருவரை அப்பா என்றோ அம்மா என்றோ பகவான் என்றோ கூப்பிடப் பழகியபின் அவரிடம் ரசீது கேட்க நா எழாது. அப்பாவிடம் யார் கணக்குக் கேட்பார்கள்? சீடர்களுக்கும் புதுப் பெயர் சூட்டும் இடங்களில் இது இன்னும் இறுகுகிறது. வீட்டில் வைத்த பெயரைக் கூப்பிட்டு வருகிற பெற்றோர், தங்கள் மகளுக்கே அந்நியராகிவிடுகிறார்கள். வயதுவந்தவர் விரும்பித் துறவு பூண்டால் தடுக்க யாருக்கும் உரிமையில்லை. நீதிமன்றங்கள் அதைச் சரியாகவே பாதுகாக்கின்றன. பதினெட்டு வயது நிரம்பாத பிள்ளைக்குப் பெயர் மாற்றும் இடத்தில் அந்த நியாயம் செல்லாது.

ஏட்டில் ஒரு பெயர், பலகையில் ஒரு பெயர்

இதனால் சாதாரண மனிதருக்கு நேரும் நடைமுறைச் சிக்கல் என்ன? ஒருவர் மீது வழக்கு இருக்கிறதா என்று நீதிமன்ற இணையதளத்தில் யாரும் தேடலாம். ஆனால் கட்சிக்காரர் பெயரைத் தட்டித்தான் தேட வேண்டும். பலகையில் இருக்கும் பெயரைத் தட்டினால் எதுவும் வராமல் போகலாம். ‘இவர் மேல் எந்த வழக்கும் இல்லை’ என்று நாம் நிம்மதியாகத் திரும்புவோம். மோசடி வழக்கோ, ஜீவனாம்ச வழக்கோ, பழைய பெயரில் வேறு மாவட்டத்தில் நிலுவையில் இருக்கும்.

நிலத்தைப் பாருங்கள். பத்து சென்ட் நன்கொடை எழுதிக் கொடுக்கிறவர், ஆசிரமத்துக்குக் கொடுப்பதாக நினைக்கிறார். பத்திரத்தில் அது சாமியாரின் இயற்பெயரிலேயோ உறவினர் பெயரிலேயோ போயிருக்கலாம். அப்படிப் போனால் அது தனிச் சொத்து. நாளை விற்கலாம், மகனுக்கு எழுதலாம். ஊர் திரும்பக் கேட்க முடியாது.

விபத்து நேரும்போது இது உயிர்ப் பிரச்சினை. 2024 ஜூலை 2 அன்று உத்தரப் பிரதேசம் ஹாத்ரஸில் ஒரு சத்சங்கக் கூட்ட நெரிசலில் 121 பேர் இறந்தார்கள். பெரும்பாலோர் ஏழைப் பெண்கள். அவர்கள் பார்க்க வந்த போலே பாபா என்கிற நாராயண் சாகார் ஹரி, சூரஜ் பால் என்ற முன்னாள் காவலர். முதல் தகவல் அறிக்கையில் ஏற்பாட்டாளர்கள் இருந்தார்கள். அவர் பெயர் இல்லை. கூட்டத்தைக் கூட்டியது ஒரு பெயர், பொறுப்பேற்றது வேறு பெயர்கள்.

ஒலக்கூர் விவசாயிக்கு ஆதாரிலும் பட்டாவிலும் ஓர் எழுத்து மாறியிருந்தால் பிரதமரின் உழவர் உதவித்தொகை நின்றுபோகலாம். ‘ராமசாமி’யும் ‘இராமசாமி’யும் ஒருவரே என்று நிரூபிக்க, வட்டாட்சியர் அலுவலகத்துக்கு நடையாய் நடக்கிறார். பெயரை முறையாக மாற்ற விரும்பும் எந்தக் குடிமகனும் எழுதுபொருள் அச்சுத் துறைக்கு விண்ணப்பித்து, பழைய பெயர், புதிய பெயர், தந்தை பெயர், முகவரியோடு அரசிதழில் வெளியிடுகிறார். யாரிடமும் நன்கொடை வாங்காத மனிதருக்கு இத்தனை கட்டுப்பாடு இருக்கிறபோது, ஊர் ஊராக வசூலிப்பவருக்கு விலக்கு கொடுப்பது அநீதி.

திண்டிவனம் எண்ணெய்வித்து ஆராய்ச்சி நிலையம் வெளியிட்ட மல்லாட்டை ரகங்கள் ‘டி.எம்.வி.’ என்று ஊரின் பெயரையே சுமந்து போகின்றன. சான்றுபெற்ற விதை மூட்டையில் நீல அட்டை இருக்கிறதா, குவியல் எண் என்ன, காலாவதி எப்போது என்று பார்த்துத்தான் நம் விவசாயி வாங்குகிறார். முளைக்காவிட்டால் யாரைக் கேட்பது என்று அந்த அட்டை சொல்லும். அதே கவனத்தோடு அவர் ஆசிரமப் பலகையையும் படிக்க வேண்டும் என்றுதான் கேட்கிறேன்.

என்ன செய்யலாம்?

காவி கட்டியவர்களைப் பிடித்து விசாரிப்பது வழியில்லை. 2025 ஜூலையில் உத்தராகண்ட் அரசு ‘ஆபரேஷன் காலநேமி’ என்று போலிச் சாமியார் வேட்டை தொடங்கியது. அப்படிப்பட்ட வேட்டையில் எளிதில் சிக்கக்கூடியவர்கள் தெருவோரப் பரதேசிகள்தான். திருவண்ணாமலை கிரிவலப் பாதையில் படுத்துறங்கும் சாதுவிடம் யாருக்கும் ஆபத்தில்லை. அவர் பழைய பெயரைச் சொல்ல விரும்பாவிட்டால் விட்டுவிடலாம். பணம் வாங்குகிறவர், நிலம் வாங்குகிறவர், பிள்ளைகளைத் தங்கவைக்கிறவர், நோய் தீர்ப்பதாகச் சொல்கிறவர் ஆகியோரிடம்தான் கேட்க வேண்டும்.

வாயிற்பலகை, துண்டறிக்கை, நன்கொடை ரசீது மூன்றிலும் அறக்கட்டளையின் பதிவு எண், பான் எண், அறங்காவலர்களின் சட்டப்பூர்வப் பெயர்கள் இருக்க வேண்டும் என்று அரசு விதி செய்யலாம். தலைவர் புதிய பெயரில் அறியப்பட்டால், இயற்பெயரும் பக்கத்தில். காவல் துறை ஆவணங்களில் ‘என்கிற’ என்று இரண்டு பெயரையும் சேர்த்து எழுதும் வழக்கம் இருக்கிறது. வழக்கு வந்தபிறகு செய்வதை முன்கூட்டியே செய்தால் போதும்.

சொற்பொழிவுக்கும் ஒலிபெருக்கிக்கும் காவல் நிலையத்தில் அனுமதி கேட்கும் மனுவில் பேச்சாளரின் அடையாளச் சான்று நகல் கட்டாயம் ஆகட்டும். கூட்டத்துக்குப் பொறுப்பாளர் பட்டியலில் முதல் பெயர் மேடையில் அமரப்போகிறவருடையதாக இருக்கட்டும்.

2016 டிசம்பரில் வெளியுறவு அமைச்சகம், துறவிகள் கடவுச்சீட்டுக்குப் பெற்றோர் பெயருக்குப் பதில் குருவின் பெயரைத் தரலாம் என்று விதியைத் தளர்த்தியது. உண்மைத் துறவிக்கு அது நியாயமான சலுகை. அதை நீக்க வேண்டாம். இயற்பெயரையும் பிறந்த ஊரையும் கோப்பில் பதிந்து, ஆதார் விவரத்தோடு ஒப்பிட்ட பிறகே கொடுக்க வேண்டும்.

பிள்ளைகள் தங்கும் இடத்துக்குத் தமிழ்நாட்டில் 2014-ஆம் ஆண்டு விடுதிகள், இல்லங்கள் ஒழுங்குமுறைச் சட்டம் இருக்கிறது. மாவட்டத்தில் உரிமம் பெற்ற இல்லங்களின் பட்டியலை ஆட்சியர் அலுவலகம் ஒவ்வோர் ஊராட்சிக்கும் அனுப்பி, அறிவிப்புப் பலகையில் ஒட்டச் சொல்லலாம். பட்டியலில் இல்லாத இடத்துக்குப் பிள்ளையை அனுப்பாதீர்கள். பள்ளிக்குள் யாரைப் பேச அழைத்தாலும், தலைமை ஆசிரியர் அவருடைய இயற்பெயரையும் தகுதியையும் எழுதிவாங்கி முதன்மைக் கல்வி அலுவலருக்கு முன்பே அனுப்ப வேண்டும். 2024-இல் சென்னை அசோக் நகர் அரசுப் பள்ளியில் முற்பிறவிப் பாவம் பற்றிப் பேசி மாற்றுத்திறனாளிகளைப் புண்படுத்திய சொற்பொழிவுக்குப் பிறகும் இதில் சுணக்கம் கூடாது.

மந்திரத்தால் நோய் தீர்ப்பதாக விளம்பரம் செய்வதற்கு எதிராக 1954-ஆம் ஆண்டின் மத்தியச் சட்டம் உண்டு. மகாராஷ்டிரம் 2013-இலும் கர்நாடகம் 2017-இலும் தனிச் சட்டங்கள் இயற்றின. வழிபாட்டைத் தொடாமல், ஏமாற்றிப் பணம் பறிப்பதையும் உடலுக்குத் தீங்கு செய்வதையும் மட்டும் குறிவைக்கும் ஒரு சட்டம் தமிழ்நாட்டுக்கும் வேண்டும்.

பத்திரிகைகளும் தொலைக்காட்சிகளும் யூடியூப் அலைவரிசைகளும் ஒருவரை ‘பகவான்’ என்றோ ‘அம்மா’ என்றோ அறிமுகம் செய்யும்போது இயற்பெயரையும் முந்தைய தொழிலையும் ஒருமுறையாவது சொல்ல வேண்டும். மரியாதைக் குறைவு ஏதும் அதில் இல்லை. காஞ்சிப் பெரியவரைப் பற்றி எழுதும்போது சுவாமிநாதன் என்று எழுதுகிறோமே.

பக்தர்களாகிய நாம் செய்யக்கூடியவை இன்னும் எளிது. நன்கொடையை ரொக்கமாகக் கொடுக்காமல் அறக்கட்டளையின் வங்கிக் கணக்கில் போடுங்கள். ரூ.2,000-க்கு மேல் ரொக்கமாகக் கொடுத்தால் வருமான வரிச் சலுகையும் கிடைக்காது. நிலம் எழுதிக் கொடுக்கும் முன், புல எண்ணை வைத்து இணையத்தில் பட்டாவையும் வில்லங்கச் சான்றையும் எடுத்து, ஆசிரமத்தின் மற்ற நிலங்கள் யார் பெயரில் இருக்கின்றன என்று பாருங்கள். கிராம நிர்வாக அலுவலரிடம் கேட்டாலும் சொல்வார். அங்கே கிடைக்கும் பெயரை வைத்து நீதிமன்ற இணையதளத்தில் தேடுங்கள். தனியறைத் தரிசனத்துக்குப் பெண்களையும் பிள்ளைகளையும் துணையில்லாமல் அனுப்ப வேண்டாம். பிள்ளைகளுக்கு ஆபத்து என்றால் 1098, பெண்களுக்கு 181.

ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 என்று ஆண்டுக்கு ஆறு முறை கிராம சபை கூடுகிறது. ஒலக்கூர் ஒன்றியத்து ஊராட்சிகள் அடுத்த கூட்டத்திலேயே ஒரு தீர்மானம் போடலாம்: ஊராட்சி எல்லைக்குள் ஆசிரமம், தியான மையம், காப்பகம் கட்ட அனுமதி கேட்பவர்கள் அறக்கட்டளைப் பத்திரத்தின் நகலையும், நிறுவனரின் இயற்பெயர், பிறந்த ஊர், நிலுவை வழக்குகள் பற்றிய உறுதிமொழியையும் தர வேண்டும், அவற்றை ஊராட்சி அலுவலகத்தில் யார் கேட்டாலும் காட்ட வேண்டும். தேர்தலில் நிற்கிறவர்கள் தங்கள் மீதான வழக்குகளைப் பிரமாணப் பத்திரத்தில் எழுதித்தான் ஓட்டுக் கேட்கிறார்கள். தீர்மானத்தின் நகலை வட்டார வளர்ச்சி அலுவலருக்கும் மாவட்ட ஆட்சியருக்கும் அனுப்பி, ஏற்கெனவே இயங்கும் இடங்களுக்கும் மூன்று மாத அவகாசம் கொடுத்து இதே விவரங்களைக் கேட்கச் சொல்லலாம்.